சமையலறைக்கு அடியில் ஒரு சந்நிதானம்

அந்த வீட்டின் மாடியில் முறையான செபக்கூடம் ஒன்று இருக்கிறது. பீடம் உண்டு, சிலுவை உண்டு, மெழுகுதிரிக் கால்கள் உண்டு. அங்கே முழந்தாளிட்டுப் பரலோக மந்திரம் சொன்னேன். வாய் சொல்லிக்கொண்டிருந்தது, மனம் யன்னலுக்கு வெளியே அகழித் தண்ணீரில் கிடந்தது. பிறகு கீழே இறங்கிச் சமையலறைக்கு வந்து, தரையில் பதித்திருந்த கண்ணாடியினூடாகக் குனிந்து பார்த்தேன். பழைய கழிவுநீர்க் கால்வாய் ஒன்று தெரிந்தது. என் ஆண்டவர் அங்கேதான் இருந்தார்.

இதைப் படிக்கிற சிலருக்குச் சிரிப்பு வரலாம். வரட்டும். நான் கண்டதை எழுதுகிறேன்.

இங்கிலாந்தின் நடுப்பகுதியில், வாரிக் நகரத்துக்கு வடமேற்கே, ஒரு காலத்தில் ஆர்டன் காடு பரந்திருந்த மண்ணில் நிற்கிறது பாட்ஸ்லி கிளின்டன். மாளிகை என்றதும் நூறு அறைகளும் பளிங்குத் தூண்களும் நினைவுக்கு வந்தால் அவற்றை அப்படியே ஒதுக்கிவிடுங்கள். இது ஒரு நாட்டுப்புற நிலக்கிழாரின் வீடு. 1438இல் ஜான் புரோம் என்ற வழக்கறிஞர் இந்தப் பண்ணையை வாங்கினார். 1517இல் அவருடைய பேத்தி கொன்ஸ்டன்ஸின் கணவர் எட்வர்ட் ஃபெரர்ஸ் வழியாக ஃபெரர்ஸ் குடும்பத்துக்கு வந்தது. அவர்கள் நானூறு ஆண்டுகளுக்கு மேல் வைத்திருந்து, 1940இல் கைவிட்டார்கள். 1980இலிருந்து நேஷனல் ட்ரஸ்ட் என்ற அறக்கட்டளை பராமரிக்கிறது. வரலாற்றின் எலும்புக்கூடு இவ்வளவுதான். உயிர் வேறிடத்தில் இருக்கிறது.

முதலில் அந்தக் கல்லைச் சொல்ல வேண்டும். சுற்றுவட்டாரத்தில் வெட்டியெடுத்த மணற்கல், சாம்பல் நிறம். வெயில் பட்டால் உள்ளிருந்து கொஞ்சம் மஞ்சள் எட்டிப்பார்க்கும், முகில் மூடினால் ஈயமாகிவிடும். கிட்டப் போய்ப் பார்த்தால் ஒவ்வொரு கல்லிலும் பாசியும் கற்பாசியும் வட்டம் வட்டமாகப் படர்ந்திருக்கின்றன. மழை தின்ற இடத்தில் கல் உள்வாங்கியிருக்கிறது. இந்தச் சுவர்கள் நேராக அகழித் தண்ணீருக்குள் இறங்குகின்றன. நடுவில் ஒரு அடி மண்கூட இல்லை. வீடு எங்கே முடிகிறது, அதன் நிழல் எங்கே தொடங்குகிறது என்று கண் தேடிக்கொண்டே இருக்கும். அகழியின் மேல் செங்கல் பாலம் ஒன்று. அது 18ஆம் நூற்றாண்டுக் கைவேலை. அதைக் கடந்தால் கல்வளைவு வைத்த வாயில் கோபுரம், மேலே கோட்டைக்குரிய பல்வரிசைக் கைபிடிச்சுவர். உள்ளே மூன்று பக்கமும் கட்டடம் சூழ்ந்த முற்றம். நாலாவது பக்கம் திறந்து, அகழியைப் பார்த்தபடி இருக்கிறது.

பாலத்தின் நடுவில் நிற்கும்போதே என் நெஞ்சு இளகத் தொடங்கிவிட்டது. கர்த்தாவே, கல்லைப் படைத்தவரும் நீர், அதை அடுக்கத் தெரிந்த கையைப் படைத்தவரும் நீர். பேராலயங்களில் கல் மேல்நோக்கிப் பாய்வதைப் பார்த்திருக்கிறேன். அங்கே கழுத்து வலிக்க அண்ணாந்து உம்மைத் தேடியிருக்கிறேன். இந்த வீட்டில் கல் எல்லாம் கீழ்நோக்கியே இறங்கியது. தண்ணீர் வரைக்கும், தண்ணீருக்குள்ளும். பார்வையும் அதனோடே இறங்கியது. ஏன் என்று அப்போது விளங்கவில்லை.

பெரிய மண்டபத்துக்குள் நுழைந்தால் குடும்பப் பெருமை கண்ணைப் பறிக்கிறது. ஹென்றி ஃபெரர்ஸ் என்பவர், 1549இல் பிறந்து 1633 வரை வாழ்ந்தவர், பழமை ஆராய்ச்சியில் மூழ்கியவர். தன் முன்னோரின் குலச்சின்னங்களை யன்னல் கண்ணாடிகளில் வண்ணமாகத் தீட்டுவித்தார். கணப்பு அடுப்பின் மேற்பகுதி முழுவதும் கேடயங்களாகச் செதுக்குவித்தார். யாருக்கு யார் மகள், எந்தக் குடும்பம் எந்தக் குடும்பத்தில் பெண் எடுத்தது என்று அந்தக் கல் ஓயாமல் பேசுகிறது. அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அரை மணி நேரம் பார்த்தால் கலியாண வீட்டில் மாப்பிள்ளை பகுதியாரின் வம்சப் பேச்சைக் கேட்ட களைப்பு வரும்.

ஆனால் இந்த ஹென்றியே தன் வீட்டை வாடகைக்கு விட்டவர். கொடுத்தது ஆன் வாக்ஸ் என்ற கன்னிப்பெண்ணுக்கும், விதவையான அவளுடைய அக்கா எலினர் புரூக்ஸ்பிக்கும். கத்தோலிக்கப் பெண்கள். அந்த நாட்களில் அரசியின் புரட்டஸ்தாந்து சபைக்குப் போகாதவர்கள் மாதம் 20 பவுண் தண்டம் கட்ட வேண்டும் என்று 1581இல் சட்டம் வந்திருந்தது. ஒரு சாதாரணக் குடும்பம் வருடக்கணக்கில் உழைத்தாலும் பார்க்க முடியாத தொகை. 1585இல் இன்னும் கொடிய சட்டம் வந்தது: கடல்கடந்து போய்க் குருப்பட்டம் பெற்றுத் திரும்பிய எவரும் இங்கிலாந்து மண்ணில் கால் வைத்தாலே ராசத்துரோகி. அவருக்கு ஒரு இரவு இடம் கொடுத்தவருக்கும் தூக்கு. இதைத் தெரிந்துகொண்டே இரண்டு பெண்கள் வீடு பிடித்து, இயேசு சபைக் குருக்களுக்குக் கதவைத் திறந்து வைத்தார்கள்.

கதவைத் திறந்தால் போதாதே, ஒளிக்கவும் வேண்டுமே. அதற்கென்று ஆண்டவர் ஒரு தச்சனை அனுப்பினார்.

நிக்கலஸ் ஓவன். ஒக்ஸ்ஃபோர்ட்டில் ஒரு தச்சரின் மகன், மரவேலை பழகியவர். குள்ளமான ஆள், அதனால் குட்டி ஜான் என்று அவருக்குப் பட்டப்பெயர். குதிரை ஒன்று மேலே விழுந்ததால் காலை இழுத்து இழுத்து நடப்பார். 1588 அளவில் இங்கிலாந்து இயேசு சபைத் தலைவர் ஹென்றி கார்னெட்டிடம் சேர்ந்து, ஏறத்தாழ பதினெட்டு ஆண்டுகள் நாடு முழுவதும் கத்தோலிக்க வீடுகளுக்குப் போய்க் குருக்கள் ஒளிக்கும் இடங்களைக் கட்டினார். பகலில் எல்லாரும் பார்க்க ஏதாவது சில்லறை வேலை செய்வார். உண்மையான வேலை இரவில், தனியாக. கல் உடைக்கிற சத்தம் வேலைக்காரருக்குக்கூடக் கேட்கக் கூடாது. ஒவ்வொரு வேலையையும் நற்கருணை வாங்கிய பிறகே தொடங்குவார், வேலை முடியும்வரை செபித்துக்கொண்டே இருப்பார் என்று சொல்கிறார்கள்.

நாசரேத்தூரில் ஒரு தச்சன் வீட்டில் வளர்ந்தவரே! உம்மை ஒளித்து வைக்க உமக்கு ஒரு தச்சன்தான் கிடைத்தானா!

ஓவன் செய்த வேலையின் அருமை கட்டடக்கலை தெரிந்தவர்களுக்கு உடனே புரியும். பழைய கல்வீடுகளில் சுவருக்குள்ளேயே கழிப்பிடம் வைப்பார்கள். அங்கிருந்து செங்குத்தான குழி ஒன்று கீழே இறங்கி, நிலமட்டத்துக்கு அடியில் ஓடும் கால்வாயில் சேரும். கால்வாய் அகழியில் போய்க் கலக்கும். பாட்ஸ்லி கிளின்டனின் மேற்குச் சிறகில் இந்த ஏற்பாடு இருந்தது. பிற்காலத்தில் அது வழக்கொழிந்து, பாழாகக் கிடந்தது. ஓவன் அந்தக் கால்வாயை எடுத்துக்கொண்டார். வெளித் துவாரங்களை அடைத்து, உள்ளே ஆட்கள் வரிசையாக நிற்கக்கூடிய ஒரு கல்வழி ஆக்கினார். மாடியில் பூசை உடுப்புகள் வைக்கும் அறையிலிருந்து பழைய கழிப்பிடக் குழி வழியாகக் கயிற்றைப் பிடித்து இறங்கினால் நேரே அதற்குள் வந்துவிடலாம். சுவரின் கனத்தைக் கூட்டவும் இல்லை, அறையின் அகலத்தைக் குறைக்கவும் இல்லை. அளவுநாடா கொண்டு வந்து உள்ளும் புறமும் அளந்தாலும் கணக்கில் ஒன்றும் இடிக்காது. தேடுகிறவன் மரப்பலகையைத் தட்டுவான், கூரையைக் கிளறுவான். தான் மூக்கைப் பொத்திக்கொள்கிற இடத்தில் பாப்பரசரின் ஆட்கள் நிற்பார்கள் என்று அவனுக்குத் தோன்றாது.

இன்னும் இரண்டு ஒளிவிடங்களும் இந்த வீட்டில் உண்டு. ஒன்று மோட் ரூம் என்கிற அகழியோர அறையில், பலகைச் சுவருக்குப் பின்னால். நன்றாகத்தான் செய்திருக்கிறார்கள். ஆனால் அவை மனித மூளைக்கு எட்டும் இடங்கள்.

1591 ஒக்டோபர். இயேசு சபையினர் இந்த வீட்டில் கூடி, தியானம் செய்து, தங்கள் வார்த்தைப்பாடுகளைப் புதுப்பித்துக்கொண்டார்கள். இத்தனை பேர் ஒரே கூரையின் கீழ் இருப்பது ஆபத்து என்று கார்னெட் சுவாமிக்கு உள்ளுக்குள் ஒரு உறுத்தல். சாப்பாடு முடிந்ததும், நிற்கத் தேவையில்லாதவர்கள் புறப்படலாம் என்றார். சிலர் புறப்பட்டார்கள். மற்றவர்கள் அன்றிரவு தங்கினார்கள்.

அடுத்த நாள் விடிகாலை ஐந்து மணி. ராபர்ட் சவுத்வெல் சுவாமி பூசை தொடங்குகிறார். மற்றவர்கள் தியானத்தில் இருக்கிறார்கள். கீழே கதவு இடிபடுகிறது. குருக்களைப் பிடிக்க அலையும் சேவகர்கள் வாசலில். வேலைக்காரர்கள் வழியை மறிக்கிறார்கள். வீட்டம்மா இன்னும் எழும்பவில்லை, உடுத்திக்கொண்டு வருவா, பொறுங்கள் என்கிறார்கள். அந்தச் சொற்ப நேரத்துக்குள் பீடம் வெறும் மேசையாகிறது. பூசை உடுப்பு மறைகிறது. சப்பாத்துகளும் வாள்களும் மறைகின்றன, ஆளில்லாமல் சப்பாத்து இருந்தால் சந்தேகம் வரும் அல்லவா. அன்று அங்கிருந்த ஜான் ஜெரார்ட் என்ற குரு பிற்காலத்தில் எழுதிவைத்த ஒரு நுணுக்கம் என்னை இன்றைக்கும் உலுக்குகிறது: படுக்கைகளைப் புரட்டிப் போட்டார்கள், குளிர்ந்த பக்கம் மேலே வரும்படி. கையை வைத்துப் பார்க்கிறவனுக்கு ஆள் படுத்த சூடு தெரியக் கூடாது.

ஐந்து இயேசு சபையினர், வேறு இரண்டு குருக்கள், பொதுநிலையினர் சிலர். எல்லாரும் அந்தக் குழி வழியாக இறங்கினார்கள். நாலு மணித்தியாலம் தேடுதல் நடந்தது. தலைக்கு மேலே கூச்சல், கதவுகள் அடிபடுகிற ஓசை. கால்வாய்த் தரையில் தண்ணீர். அதற்குள் கால் வைத்து அசையாமல் நின்றார்கள். எலினர் பயந்த சுபாவம் உள்ளவள், ஆனபடியால் தங்கை ஆன் வீட்டம்மாவாக நடித்துச் சேவகர்களைச் சமாளித்தாள். கடைசியில் ஒன்றும் அகப்படாமல், கையில் காசையும் வாங்கிக்கொண்டு போனார்கள். தேடப்பட்டவர்களே தேடியவர்களுக்குக் கூலி கொடுக்கும் காலம் அது.

ஜெரார்டின் எழுத்தில் வீட்டின் பெயர் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். பெயர் எழுதினால் வீட்டாருக்கு ஆபத்து. அவர் சொன்ன அடையாளங்களையும் இந்தக் கால்வாயையும் பொருத்திப் பார்த்த ஆராய்ச்சியாளர்கள்தான் அது பாட்ஸ்லி கிளின்டன் என்றார்கள். கண்ணாடிக்கு மேல் குனிந்து பார்த்த எனக்கு வேறு சான்று தேவைப்படவில்லை.

என்னோடு மாமியும் வந்திருந்தார். யாழ்ப்பாணத்து இளவாலைப் பக்கத்தில் பிறந்து, எழுபது வயதுக்குப் பிறகு பர்மிங்ஹாமுக்கு வந்தவர். ஆங்கிலம் சொற்பம். நான் கதையை அங்கேயே மெதுவாகச் சொன்னேன்.

“இதுக்குள்ளேயோ பிள்ளை சுவாமிமார் நிண்டவை?”

“ஓம் மாமி. நாலு மணித்தியாலம்.”

“தண்ணிக்குள்ளே?”

“தண்ணிக்குள்ளேதான்.”

“ஒக்டோபர் மாதத்துத் தண்ணி” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. கைப்பையை என்னிடம் தந்துவிட்டு, மேசையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, வலிக்கிற முழங்காலை ஒவ்வொன்றாக மடக்கி, அந்தச் சமையலறைக் கல்தரையில் முழந்தாளிட்டுவிட்டார். செபமாலை கையில் வந்துவிட்டது. அறையைக் காவல் பார்க்கிற தொண்டர் அம்மாள், கிழவி விழுந்துவிட்டார் என்று பதறி நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். மாமி தலையை நிமிர்த்தி, “பிரேயிங்” என்று ஒரே ஒரு சொல் சொன்னார். அந்த அம்மாள் நாற்காலியைச் சத்தமில்லாமல் கீழே வைத்தார். பின்னால் வந்த ஒரு குடும்பத்தைக் கை காட்டி நிறுத்திவிட்டு, தானும் வாசற்பக்கமாகத் திரும்பி நின்றுகொண்டார்.

நான் மாமிக்குப் பக்கத்தில் விழுந்தேன். விழுந்தேன் என்பதே சரி, இறங்கி முழந்தாளிட்ட ஞாபகம் இல்லை. கல்லின் குளிர் முழங்கால் வழியாக ஏறியது. கண்ணாடிக்குக் கீழே இருட்டும், கொஞ்சம் வெளிச்சமும், ஈரம் பூத்த கல்லும். அவ்வளவுதான் கண்ணுக்குத் தெரிந்தது. ஆனால் ஆண்டவரே, எனக்கு எங்கிருந்து வந்தது அந்த அழுகை? துக்கத்தில் வருவது தொண்டையில் முட்டி வரும். இது தங்குதடை இல்லாமல், அகழித் தண்ணீர் கல்லுக்குள் கசிகிற மாதிரி, உடம்பு முழுவதும் நிறைந்து வழிந்தது. என் பெயர் மறந்தது. மாமியின் உதடுகள் முணுமுணுக்கிற சத்தம் எனக்குள்ளிருந்தே வருவதுபோல் இருந்தது.

கல் ஏன் கீழ்நோக்கி இறங்கியது என்று அப்போது தெரிந்தது. நீர் அங்கே இருந்தீர். குலச்சின்னம் தீட்டிய கண்ணாடிக்குக் கீழே, செதுக்கிய கணப்புக்குக் கீழே, சாப்பாட்டு மேசைக்கும் அடுப்புக்கும் கீழே, வீட்டார் தங்கள் அசுத்தத்தை அனுப்பிய வழியில் இருந்தீர். மாட்டுத்தொழுவத்தில் பிறந்தவர் நீர். இரவல் கல்லறையில் கிடந்தவர் நீர். மனிதர் வெட்கப்படுகிற இடம் எதுவோ அதைத் தேடிப் போய் இருக்கிறவர் நீர். தொடங்கிய பூசை மேலே நின்றுபோனது. கால்வாய்க்குள் பேச்சு இல்லை, மணி இல்லை, மெழுகுதிரி இல்லை. உம் குருக்கள் குளிர்ந்த தண்ணீரில் நின்ற அந்த நாலு மணித்தியாலமும் பூசைதான். அந்தக் கல்வழிதான் நற்கருணைப் பேழை. கருவறை என்று எங்கள் பாஷையில் சொல்கிறோமே, இருட்டாக, ஈரமாக, ஒருவர் மூச்சு மற்றவரில் படும்படியாக, அது இதுதான்.

அங்கிருந்து நினைவு நேரே யாழ்ப்பாணத்துச் சில்லாலைக்குப் போனது. அது வலிந்து இழுத்த தொடர்பு அல்ல. மாமியும் அதையே நினைத்தார் என்று பிறகு தெரிந்தது. ஒல்லாந்தர் 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்ததும் கத்தோலிக்கக் குருக்களைத் தடை செய்தார்கள். மேய்ப்பனை விரட்டி மந்தையைச் சிதறடிக்கிற அதே சட்டம், அதே புரட்டஸ்தாந்து ஆட்சி, வேறொரு கடற்கரை. 1687இல் கோவாவிலிருந்து யோசேவ் வாஸ் சுவாமி பிச்சைக்காரக் கோலத்தில் வந்து இறங்கினார். சில்லாலையில் எங்கள் சனங்கள் அவரை ஒளித்து வைத்தார்கள். இரவில் பூசை, விடிய முதல் கலைந்துபோதல். எங்களிடம் கல்மாளிகை இருக்கவில்லை. பனையோலைக் குடிலும் இருட்டும் இருந்தன. அந்தச் சுவாமிக்கு 2015 ஜனவரி 14இல் கொழும்பில் பாப்பரசர் பிரான்சிஸ் புனிதர் பட்டம் கொடுத்தார்.

பெருமை பேசுகிற இடத்தில் ஒரு உண்மையையும் சேர்க்க வேண்டும். ஒல்லாந்தருக்கு முன்னே போர்த்துக்கேயர் ஆண்ட காலத்தில், விரதச் சோறு சாப்பிட்ட வாழையிலையைக் கூரை இறப்பில் செருகி ஒளித்த சைவக் குடும்பங்களின் கதை எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியும். அவர்களை ஒளிக்க வைத்தது எங்கள் வேதத்தின் பெயரால் நடந்த ஆட்சி. அந்தக் கண்ணாடிக்கு முன்னால் அவர்களுக்காகவும் ஒரு மன்றாட்டு வைத்தேன்.

அந்தக் கால்வாயில் நின்றவர்களுக்குப் பிறகு என்ன ஆனது? சவுத்வெல் அடுத்த ஆண்டே பிடிபட்டு, சித்திரவதை அனுபவித்து, 1595இல் டைபர்னில் கொல்லப்பட்டார். அவர் எழுதிய கவிதைகள் இன்றும் ஆங்கில இலக்கியத்தில் நிற்கின்றன. கார்னெட்டை 1606இல் லண்டனில் தூக்கிலிட்டார்கள். ஓல்ட்கோர்ன் என்பவரை அதே ஆண்டு வூஸ்டரில். ஜெரார்ட் 1597இல் லண்டன் கோபுரச் சிறையிலிருந்து கயிறு வழியாகத் தப்பி, முதுமை வரை வாழ்ந்தார். கட்டியவரான ஓவன் 1606 ஜனவரியில் வூஸ்டர்ஷயரில் உள்ள ஹிண்ட்லிப் மாளிகையில் பிடிபட்டார். உள்ளே இருந்த குருக்களைத் தேடுவது நிற்கட்டும் என்று, பட்டினியோடு ஒளிந்திருந்த இடத்தை விட்டுத் தானே வெளியே வந்தார் என்கிறார்கள். அரசுக்கு அது பெரிய வேட்டை. இங்கிலாந்தின் ஒளிவிடங்கள் அத்தனையும் அந்தத் தலைக்குள் இருந்தன. லண்டன் கோபுரத்தில் கைகளைக் கட்டித் தொங்கவிட்டார்கள். ஏற்கெனவே குடலிறக்கம் இருந்த உடம்பு; வயிறு கிழிந்து செத்தார். ஒரு வீட்டின் பெயரும் அவர் வாயிலிருந்து வரவில்லை. 1970 ஒக்டோபர் 25இல் பாப்பரசர் ஆறாம் பவுல் அவரைப் புனிதர் என்று அறிவித்தார். சவுத்வெல்லும் அன்றைக்கு அறிவிக்கப்பட்ட நாற்பது வேதசாட்சிகளில் ஒருவர்.

கட்டடக் கலைஞர்களுக்குப் பெயர் ஆசை உண்டு. அது தவறும் அல்ல. ஓவனோ, தன் வேலை ஒருவர் கண்ணிலும் படாமல் போனால் மட்டுமே வெற்றி என்று வாழ்ந்த கட்டடக்காரர். வரைபடம் வைக்கவில்லை. கையொப்பம் வைக்கவில்லை. இன்னும் கண்டுபிடிக்காத ஒளிவிடங்கள் அங்கங்கே சுவர்களுக்குள் இருக்கலாம் என்கிறார்கள். எனக்கு அதை நினைக்கவே இனிக்கிறது. யாருக்கும் தெரியாமல் ஒரு கல்லுக்குப் பின்னால் உமக்காக ஒருவர் வெட்டிய வெற்றிடம், ஆண்டவரே, நானூறு ஆண்டுகளாக உம்மை மட்டுமே வைத்துக்கொண்டிருக்கிறது.

சமையலறையை விட்டு வந்த பிறகு மற்ற அறைகளை ஒழுங்காகப் பார்த்தேன் என்று சொல்ல மாட்டேன். 19ஆம் நூற்றாண்டில் இந்த வீட்டில் வாழ்ந்த ரெபெக்கா ஃபெரர்ஸ் வரைந்த ஓவியங்கள் சுவரெங்கும் தொங்குகின்றன. வீட்டார் உருவங்களும் பக்திப் படங்களும். தண்டமும் சட்டமும் போய், மாடிச் செபக்கூடத்தில் கதவைத் திறந்து வைத்துப் பூசை கேட்கக் கூடிய காலம் வந்த பிறகு தீட்டியவை. நூலகத்தில் கணப்புக்குப் பக்கத்தில் ரத்தக்கறை என்று ஒன்றைக் காட்டுவார்கள். பேய்க்கதைப் பிரியர்கள் அங்கே கூடுவார்கள். எனக்கு அந்தக் கறையில் அக்கறை இல்லை, கறைக்குச் சொந்தக்காரர் என்று சொல்லப்படுகிறவரில் உண்டு.

அவர் நிக்கலஸ் புரோம், வீட்டை வாங்கிய ஜானின் மகன். 1468இல் தகப்பனை லண்டனில் ஒரு நிலத்தகராறில் கொன்றுவிட்டார்கள். மூன்று ஆண்டு கழித்து மகன் கொலைகாரனை மறித்துப் பழி தீர்த்தான். பின்னொரு நாள் வீட்டுக்கு வந்தவன், ஊர்க் குருவானவர் தன் மனைவியின் நாடியைப் பிடித்துக் கொஞ்சுவதைக் கண்டு, அங்கேயே அவரையும் கொன்றான். அரசரிடமும் பாப்பரசரிடமும் மன்னிப்பு வாங்கினான். பரிகாரமாக இரண்டு கோபுரங்கள் கட்டினான்: ஒன்று பக்கத்து ஊரான பாக்வுட் கோயிலில், மற்றது இந்த வீட்டுக்கு அருகிலேயே இருக்கும் புனித மிக்கேல் கோயிலில்.

வீட்டிலிருந்து மரங்களுக்கு நடுவே ஒரு நடைபாதை அந்தக் கோயிலுக்குப் போகிறது. வசந்தத்தில் இரு பக்கமும் நீலமணிப் பூக்கள் தரையை மூடிக் கிடக்கும். மாமி என் கையைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடந்தார். கோபுரம் அதே குடும்பத்துக் கல். உயரமும் இல்லை, ஆடம்பரமும் இல்லை. ஆனால் நிக்கலஸின் உண்மையான கட்டடம் மேலே இல்லை. 1517இல் சாகும்போது, தன்னைக் கோயில் வாசலுக்கு அடியில் நின்ற நிலையில் புதைக்கச் சொன்னான். உள்ளே போகிறவர்கள் எல்லாரும் தன் தலைக்கு மேல் மிதித்துப் போக வேண்டும் என்றான். அப்படியே செய்தார்கள்.

கால்வாயில் நின்ற குருக்களும், குருவைக் கொன்றுவிட்டு வாசலுக்கடியில் நிற்கிற பாவியும். ஒரே நிலத்தில், நடந்து போகிற தூரத்தில், நின்றபடி. அதைக் கேட்டதும் மாமி, “அப்ப அந்தாளும் ஒளிச்சுத்தான் நிக்குது” என்றார். நான் பதில் சொல்லவில்லை. சுவர்க்கம் முழுவதும் அந்த வாசற்படிக்குக் கீழே இருந்ததுபோல் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பாவிக்கும் புனிதனுக்கும் ஒரே கல்லிலிருந்து இடம் வெட்டிக் கொடுக்கிறவரே, உமக்கு எந்த நாவால் தோத்திரம் சொல்வேன்!

போக நினைக்கிறவர்களுக்கு: கிட்டிய ரயில் நிலையம் லாப்வொர்த், காரில் போனால் வசதி. உள்ளே போனதும் பெரிய மண்டபத்தில் அதிகம் நிற்காதீர்கள், நேரே சமையலறைக்குப் போங்கள், குனிந்து பாருங்கள். முழங்கால் இடம் கொடுத்தால் முழந்தாளிடுங்கள், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். பிறகு புனித மிக்கேல் கோயிலுக்கும் நடந்து போங்கள். வாசலில் கால் வைக்கத் தயங்க வேண்டாம். நிக்கலஸ் புரோமுக்காக ஒரு அருள் நிறைந்த மந்திரம் சொல்லிவிட்டு மிதித்துப் போங்கள்.